ஜெர்மன் புத்தகமும் மாதம் 350 ரூபாய் ஆப்பும்: ஐந்துக்கு மூன்று

திருப்பூரில் சாயப்பட்டறை லேப்பில் வேலை. எங்கள் கல்லூரி வாத்தியார் ரிட்டையர் ஆனபோது சாயம் பற்றிய பழைய ஜெர்மன் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். அதைப் படிக்கத்தான் இந்த மொழிபெயர்ப்பு ஆப். பெயர் வேண்டாம்.

எதற்கு ஜெர்மன் என்றால், அவுரி நீலத்தின் கட்டமைப்பை 1883ல் சொல்லி 1905ல் நோபலும் வாங்கிய பேயர் எழுதியது ஜெர்மனில்தான். அந்தக் காலத்தில் கெமிஸ்ட்ரி படிக்கிறவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் ஜெர்மன் தெரியாமல் தப்பிக்க முடியாது, இரண்டு உலகப் போருக்குப் பிறகுதான் அந்த நாற்காலியில் ஆங்கிலம் உட்கார்ந்தது. (அதற்கும் முன்னால் லத்தீன். நியூட்டனே 1687ல் லத்தீனில் எழுதிவிட்டு, ஒளி பற்றிய புத்தகத்தை 1704ல் ஆங்கிலத்தில் போட்டார்.)

சரி, ஆப்புக்கு வருவோம். போட்டோ எடுத்தால் எழுத்தைப் பிழையில்லாமல் பிடிக்கிறது. அட்டவணைகளைக் குதறிவிடுகிறது. தமிழ்தான் கூத்து. ஒரு பக்கத்தில் "கடற்படை விகிதம் 1:20", அடுத்த பக்கத்தில் "மதுபான விகிதம் 1:20". எங்கள் சாய மாஸ்டரிடம் காட்டினேன். "ஏந்தம்பி, சரக்கு ஊத்துனா கலர் எப்புடி நிக்கும்?" என்றார்.

இரண்டும் ஒரே சொல், ஃப்ளோட்டே. ஜெர்மனில் அதற்குக் கப்பல் கூட்டம் என்றும் பொருள், சாயத்தண்ணி என்றும் பொருள். ஆனால் சாராயம் என்ற பொருள் கிடையாது. அப்புறம் மதுபானம் எங்கிருந்து வந்தது? சாயத்தண்ணியை ஆங்கிலத்தில் லிக்கர் என்பார்கள், துணிக்கு எத்தனை மடங்கு சாயத்தண்ணி என்ற விகிதத்தைப் பட்டறையில் நாமே தினமும் எம்எல்ஆர் என்று சொல்வதில் நடு எழுத்து அதுதான். ஆக மதுபானம் வந்த இடத்திலாவது ஆப் ஜெர்மனிலிருந்து நேராகத் தமிழுக்கு வரவில்லை, ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது போல. யாருக்கும் தாய்மொழியாக இல்லாத பொதுமொழி வேண்டும் என்றுதான் ஜாமன்ஹாஃப் 1887ல் எஸ்பெராண்டோவை வெளியிட்டார். இங்கே சத்தமில்லாமல் ஆங்கிலமே பொதுமொழி, சுற்றுவழியில் அடிபடுவது தமிழ்.

அதே பக்கங்களை ஆங்கிலத்தில் கேட்டேன், இரண்டிலும் லிக்கர் என்றே சுத்தமாக வந்தது. அதனால் ஆங்கிலம் ஓரளவு படிப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். தமிழில் மட்டுமே படிப்பேன் என்பவர்கள் இப்போதைக்குக் காசைக் கரியாக்க வேண்டாம்.

எங்கள் லேப்பில் இப்போது மெசினில் தண்ணி பிடிக்கும்போதெல்லாம், "கடற்படை எறங்கிருச்சா?" என்றுதான் மாஸ்டர் கேட்கிறார்.