கரீபியன் கப்பலும் கரையில் மூன்று ஊர்களும்: பதினோரு பேர் குடும்பத்தின் அனுபவம்

ஜூலையில் மயாமியிலிருந்து புறப்பட்ட மேற்குக் கரீபியன் கப்பலில் போனோம். கிராண்ட் கேமன், ஜமைக்கா, கோசுமெல் ஆகிய மூன்று ஊர்களில் இறங்கினோம். என் அப்பா அம்மா, மாமியார், அண்ணன் குடும்பம், நாங்கள் நால்வர் என மொத்தம் பதினோரு பேர். கடைக்குட்டிக்கு வயது 6, அப்பாவுக்கு 76. கப்பல் சாப்பாட்டையும் நீச்சல் குளத்தையும் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கரையில் இறங்கிச் சுற்றிப்பார்க்க விற்கப்படும் சுற்றுலாக்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். குடும்பமாகப் போகிறவர்களுக்குப் பணம் கரைவதும் மனஸ்தாபம் முளைப்பதும் அங்கேதான்.

கப்பலிலேயே பதிவு செய்தால் விலை கூடுதல். ஆனால் அவர்கள் ஏற்பாடு செய்த பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியாரிடம் போய்த் தாமதமானால் கப்பல் கிளம்பிவிடும். சொந்தச் செலவில் அடுத்த துறைமுகத்துக்குப் போய் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். கோடையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மயாமியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். இந்த மூன்று ஊர்களிலும் அந்த வழக்கம் கிடையாது. எங்கள் கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடியது. கரையில் கால் வைத்ததும் கைப்பேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும். ஐந்து மணிக்குள் திரும்ப வேண்டும் என்றால் கைப்பேசி அப்போது நான்கு என்று காட்டும். தானாக எதையும் மாற்றிக்கொள்ளத் தெரியாத அப்பாவின் பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரத்தைத்தான் பதினோரு பேரும் நம்பினோம்.

மூன்றில் முதல் மதிப்பெண் கிராண்ட் கேமனுக்கு. அந்தத் தீவின் துறைமுகமான ஜார்ஜ் டவுனில் பெரிய கப்பல்கள் அணையும் மேடை இல்லை. நடுக்கடலில் நங்கூரம் போட்டு, சிறு படகுகளில் கரைக்குக் கொண்டுபோகிறார்கள். முட்டிவலிக்காரர்களுக்கு அந்தப் படகில் கால் வைக்கும் கணம்தான் கண்டம். இரண்டு மாலுமிகள் இருபுறமும் பிடித்துக்கொண்டு, அலை படகைத் தூக்கும்போது ‘இப்போது’ என்று சொல்லி அப்பாவை ஏற்றினார்கள்.

அங்கே நாங்கள் எடுத்தது திருக்கை மீன்களைப் பார்க்கும் சுற்றுலா. நார்த் சவுண்ட் என்ற உப்பங்கழியில் மணல்திட்டு ஒன்று இருக்கிறது, தண்ணீர் இடுப்பளவுதான். அந்தக் காலத்தில் மீனவர்கள் இங்கே படகை நிறுத்தி மீன் கழுவுவார்களாம். கழிவைத் தின்ன வந்த திருக்கைகள் மனிதரிடம் பழகிவிட்டன. செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடக்க வேண்டும். வாலில் இருக்கும் முள்ளை மிதிக்காதவரை அது நம்மை ஒன்றும் செய்யாது. என் மாமியார் புடவையைத் துறந்து, என் சல்வாரை இரவல் வாங்கி அணிந்து, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு திருக்கை அவர் கணுக்காலை உரசிக்கொண்டு போனது. வழிகாட்டி இன்னொன்றைத் தண்ணீருக்குள்ளேயே கையில் ஏந்தி, அதன் வெள்ளை வயிற்றின் அடியில் அவர் உள்ளங்கையைக் கொண்டுபோய் வைத்தார். முதலில் கண்ணை இறுக மூடிக்கொண்டவர், பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, “நுங்கைத் தொடுவதுபோல இருக்கிறதம்மா” என்றார். தீனியாகக் கணவாய்த் துண்டைக் கொடுத்தபோது மட்டும் கையை இழுத்துக்கொண்டார்: “அதை அது தின்னட்டும், நான் எதற்கு ஊட்ட வேண்டும்?” அப்பா படகை விட்டு இறங்கவில்லை. படகில் கூரை நிழலும் கழிப்பறையும் இருந்தன. மேலே உட்கார்ந்தபடி எங்களை எண்ணிக்கொண்டிருந்தார். இறங்கியவர்களுக்கும் இறங்காதவர்களுக்கும் ஒரே இடத்தில் பொழுது போயிற்று என்பதே இந்தச் சுற்றுலாவின் பெருமை.

ஜமைக்காவில் நாங்கள் இறங்கிய துறைமுகம் ஓச்சோ ரியோஸ். டன்ஸ் ரிவர் அருவி சுமார் 180 மீட்டர் நீளத்துக்குப் படிப்படியாக இறங்கி நேராகக் கடற்கரையில் கலக்கிறது. கீழிருந்து மேலாக, எல்லோரும் கைகோத்துக்கொண்டு வழிகாட்டியின் பின்னால் ஏற வேண்டும். பதின்வயதுப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அண்ணன் மகன்கள் இறங்கவே மனமில்லாமல் நின்றார்கள். தண்ணீரில் அணியும் ரப்பர் செருப்பை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், அங்கே வாங்கினால் விலை அதிகம். பக்கத்தில் படிக்கட்டு இருக்கிறது. நனைய விரும்பாதவர்கள் அதில் ஏறிப் பார்க்கலாம். படிகளே முடியாதவர்களை அழைத்துப் போகாதீர்கள். வெளியேறும் வழி கைவினைக் கடைகளின் ஊடாகத்தான். கடைக்காரர்கள் மகள் பெயரைக் கேட்டுவிட்டு, நம் சம்மதம் கேட்காமலே அதை மரப்பறவையில் செதுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். செதுக்கிவிட்டால் காசு கொடுத்தாக வேண்டும்.

பெரியவர்கள் மூவரும் அருவிக்கு வரவில்லை. சிவப்பு எண்பலகை வைத்த வண்டிதான் அங்கே உரிமம் பெற்ற டாக்சி. அப்படி ஒன்றைப் பேசி, அண்ணியைத் துணைக்கு அனுப்பினோம். ஓட்டுநர் மலைப்பாதையில் மெதுவாக ஏற்றி இறக்கி, தெருவோரப் பழக்கடை ஒன்றில் நிறுத்தியிருக்கிறார். ஜமைக்காவில் ‘ஈஸ்ட் இந்தியன்’ என்றே ஒரு மாம்பழ வகை உண்டு. ஜூலை அதற்குப் பருவம். நம் ஆட்கள் 1845 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட தீவு என்பதையும் ஓட்டுநர் சொல்லியிருக்கிறார். கப்பலுக்குள் பழம் கொண்டுவரக் கூடாது என்பதால் அப்பா அங்கேயே நின்று, சட்டையில் சாறு வழிய, மூன்று பழங்களை முடித்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை. அம்மா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

கடைசி ஊர் மெக்சிகோவின் கோசுமெல் தீவு. கப்பலில் வாங்கிய துலும் சுற்றுலாதான் எங்களைக் கவிழ்த்தது. விளம்பரத்தில் கடலைப் பார்த்து நிற்கும், மெக்சிகோவின் பழங்குடிகளான மாயர்களின் பழைய மதில் நகரம், “மிதமான நடை” என்று போட்டிருந்தது. நடந்தது வேறு. தீவிலிருந்து எதிர்க்கரைக்கு முக்கால் மணி நேரம் படகு, பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பஸ், அதற்குப் பிறகு வாயிலுக்கு வெயிலில் நடை. படகு ஆடிய ஆட்டத்தில் அம்மா வாந்தியெடுத்தார். உள்ளே நிழல் அரிது. பிரதான கோபுரத்தில் ஏறவும் அனுமதி இல்லை. இடம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பாதி நாள் பயணத்துக்கு அங்கே கிடைத்தது ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பிள்ளைகளுக்கு இடிபாடுகளைவிட அவற்றின் மேல் வெயில் காய்ந்த, உடும்பு போன்ற இகுவானாக்களைத்தான் பிடித்திருந்தது. மதிய உணவுப் பொட்டலத்தில் பன்றி இறைச்சி சாண்ட்விச். சைவம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தோம். சமைத்த உணவைக் கப்பலிலிருந்து வெளியே எடுத்துப்போக விடமாட்டார்கள் என்பதால், உறை பிரிக்காத முறுக்குப் பொட்டலங்கள்தான் மாமியாரைக் காப்பாற்றின.

அண்ணன் குடும்பம் அதே நாளில் டாக்சி பிடித்துத் தீவுக்குள்ளேயே இருக்கும் சான் கெர்வாசியோவுக்குப் போனது. அதுவும் மாயர் காலத்து இடம்தான்; பிள்ளைப்பேறு வேண்டிப் பெண்கள் கடல் தாண்டி வந்து இஷ் செல் என்ற பெண்தெய்வத்தை வணங்கிய தலம். கட்டடங்கள் சிறியவை, ஆனால் வழியெல்லாம் மரநிழல், படகும் இல்லை. வயதானவர்களோடு போகிறவர்கள் யோசிக்காமல் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

அன்று மாலையே கப்பலின் சுற்றுலா மேசையில் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த பெண் சாண்ட்விச் விஷயத்தை மட்டும் இரண்டு முறை கேட்டுக் குறித்துக்கொண்டார். அம்மா, மாமியார் இருவரின் டிக்கெட்டில் பாதிப் பணம் எங்கள் அறைக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. “மிதமான நடை” விளம்பரத்தில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.