மூன்று வருடம் உருட்டிய ஃபோம் ரோலர்: வாங்கலாமா என்று கேட்டவருக்கு

ஃபோம் ரோலர், அதாவது மேலே படுத்து உருட்டித் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் உருளை, வாங்கலாமா என்று போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். முதல் மாரத்தானுக்குத் தயாராகிறாராம். 20 கிலோமீட்டர் தாண்டினால் முழங்காலின் வெளிப்பக்கம் குத்துகிறதாம். "ரோலர் வாங்கினால் சரியாகிவிடுமா? நீங்கள்தான் ரொம்ப நாளாக வைத்திருக்கிறீர்களே." ஆகாது, வாங்காதீர்கள் என்று பதில் போட்டேன். அன்று ராத்திரியே என் ரோலர் எனக்கு அடியில் 'டப்' என்று விரிசல் விட்டது. தரையிலிருந்து எழுந்திருப்பதற்கு முன்பே, போனை எடுத்து அதே மாடலை இன்னொன்று ஆர்டர் செய்துவிட்டேன். இரண்டுக்கும் கணக்கு இடிக்கிறது இல்லையா, அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

என்னுடையது உள்ளே பிளாஸ்டிக் குழாய், மேலே மேடுபள்ளமான ஃபோம் உறை வைத்த வகை. முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். வாங்கி ஆறே மாதத்தில் உறைக்கும் குழாய்க்கும் நடுவில் இருந்த பசை விட்டுப்போயிற்று. தொடையை வைத்து நாலு தடவை உருட்டினால், குழாய் ஒரு பக்கமாக விரல் அகலத்துக்கு வெளியே எட்டிப் பார்க்கும். கூடவே 'கிறீச்' என்று ஒரு சத்தம். லாங் ரன்னுக்காக விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, வீடே தூங்கும்போது உருட்டிப் பாருங்கள், அந்தச் சத்தத்தின் அருமை தெரியும். குழாயை உள்ளே தள்ள ரோலரைச் சுவரில் ஒரு இடி இடிக்க வேண்டும். அது இன்னொரு சத்தம். துணி டேப் சுற்றிப் பார்த்தேன். வியர்வையில் பசை இளகித் தொடை முடியைப் பிடித்துக்கொண்டது. முழங்கால் வலியே தேவலாம் என்றிருந்தது.

சரி, முழங்காலுக்கு வருகிறேன். முதல் மாரத்தானுக்குத் தயாரானபோது இரண்டே வாரத்தில் 18 கிலோமீட்டரிலிருந்து 26-க்குத் தாவினேன். அதுவும் ஒரு பக்கமாகச் சரிந்த சாலையில், எப்போதும் அதே ஓரமாக. அடுத்த வாரம் எட்டாவது கிலோமீட்டரிலேயே வெளிப்பக்கம் ஊசி குத்த ஆரம்பித்தது. படி ஏறினால் ஒன்றும் இல்லை, இறங்கினால் உயிர் போயிற்று. ஓடுகிறவர்கள் எல்லாரும் ஒரே குரலில் "ஐ.டி. பேண்ட், ரோலர் போடு" என்றார்கள். போட்டேன். ஐ.டி. பேண்ட் என்கிற அந்தப் பட்டை ஓடும் தொடையின் வெளிப்பக்கத்தில், இடுப்பிலிருந்து முழங்கால்வரை, ராத்திரி பத்து நிமிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. எவ்வளவு வலிக்கிறதோ அவ்வளவுக்குச் சரியாகிறது என்று ஒரு நம்பிக்கை. மூன்று வாரத்தில் வலி இன்னும் மோசமானது.

கடைசியில் பிசியோதெரபிஸ்டிடம் போனேன். அவர் சொன்னது எளிமையாக இருந்தது. ஐ.டி. பேண்ட் தசையே இல்லை, தடிமனான நார்ப் பட்டை. ஒரு ரோலர்மேல் படுத்துப் புரண்டு அதை நீட்டிவிட முடியாது. முழங்கால் சுமார் 30 டிகிரி மடங்கும்போது அந்தப் பட்டை எலும்போடு சேர்த்து அடியில் இருப்பதை அழுத்துகிறது, எரிச்சல் அங்கேதான். நான் தினமும் ராத்திரி அதே இடத்தைப் போட்டு நசுக்கிக்கொண்டிருந்தேன். புண்ணைச் சொறிந்துவிட்டு ஏன் ஆறவில்லை என்று கேட்ட கதை.

பட்டையை விட்டுவிட்டு, அது தொடங்குகிற இடுப்புப் பக்கத் தசையையும் பிட்டத்தையும் தலா ஒரு நிமிடம் உருட்டினால் போதும் என்றார். மிச்சமெல்லாம் ரோலருக்குச் சம்பந்தமில்லாதது: ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது, ஒற்றைக் காலில் நின்று பாதி உட்கார்ந்து எழுவது, தூரத்தைக் குறைப்பது, ஓடும்போது காலடியை எட்டிப் போடாமல் சின்னதாக, அடிக்கடி வைப்பது. ஏழு வாரத்தில் போய்விட்டது. அதில் ரோலரின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், மனசாட்சிப்படி, ஒரு ஓரத்துப் பங்குதான்.

ஆனால் ஒன்றுக்கும் ஆகாத பொருள் என்றும் சொல்ல மாட்டேன். லாங் ரன் முடிந்த ஒன்றிரண்டு நாளில்தான் கால் வலி உச்சத்துக்குப் போகும். அப்போது உருட்டினால் கொஞ்ச நேரத்துக்கு இறுக்கம் தளர்கிறது, மூட்டு கொஞ்சம் கூடுதலாக மடங்குகிறது. அந்த இடைவெளியில் குளித்துச் சட்டை பேன்ட் போட்டு வேலைக்குக் கிளம்பிவிடலாம். கெண்டைக்காலுக்கு இதைவிட நல்ல பொருள் என்னிடம் இல்லை. நான் எதிர்பார்க்காத சந்தோஷம் வேறு: மேல்முதுகு. மூன்று மணி நேரம் ஓடினால் தோள் தானாகக் காதுப் பக்கம் ஏறிவிடுகிறது. ரோலரைக் குறுக்கே போட்டு, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வைத்து மல்லாந்து சாய்ந்தால் வரிசையாக 'மடக் மடக்' என்று விடுபடும். (இடுப்புக்கு மேலே உள்ள வளைவில் வேண்டாம், அங்கே எனக்குப் பிடித்துக்கொண்டது.) காலுக்காக வாங்கினேன், இப்போது பாதிக்கு மேல் முதுகுக்குத்தான் பயன்படுத்துகிறேன்.

நண்பருக்கு ஒன்றை மட்டும் கோபமாகவே சொல்கிறேன். ரோலர் கைகொடுக்காத அந்த மூன்றாவது வாரத்தில், 28 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு முன்னால் இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வலி தெரியவில்லை, அருமையாக ஓடினேன். அதற்கப்புறம் பத்து நாள் ஓடவே முடியவில்லை. நீர் வற்றிய உடம்பில் அந்த வகை மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இப்போது என் கணக்கு இது: வலிக்குப் பத்துக்கு மார்க் போட்டால் மூன்றுவரை, அதுவும் ஏறாமல் இருந்தால் ஓடுவேன். நொண்ட ஆரம்பித்தால் ஆட்டோவோ பஸ்ஸோ, எது கிடைக்கிறதோ அதில் வீடு. எலும்பில் விரல் நுனி அளவு இடத்தில் குத்தி, ராத்திரி படுத்தாலும் வலித்தால் அது ரோலர் சமாசாரமே இல்லை. எலும்பில் விரிசலாக இருக்கலாம், டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது மாரத்தானுக்கு, பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு, 32 கிலோமீட்டரை முழங்கால் வாயைத் திறக்காமல் முடித்தேன். பந்தயத்தில் 36-இல் முன்தொடை இழுத்துப் பிடித்தது, அது வேறு வழக்கு. மாரத்தானின் முழுத் தூரமான 42.195 கிலோமீட்டரில் அந்தக் கடைசி 195 மீட்டரை நடந்துதான் முடித்தேன்.

ஆகவே, முழங்காலுக்காக என்றால் வாங்காதீர்கள். அதே பணத்தைப் பிசியோவுக்குக் கொடுங்கள். நான் ஏன் மறுபடி வாங்கினேன் என்று கேட்காதீர்கள்.

புதியது நேற்று வந்தது. உறை இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் முதல் தடவை உருட்டி முடித்ததும் கை பழக்கத்தில் சுவரில் ஒரு இடி இடித்துவிட்டேன், உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.