மகள் வீட்டுக்குப் போகும் ஹாம்: வி.யு. கால்சைனா, அமெரிக்கப் பரீட்சையா?

போன வருஷம் கலிஃபோர்னியாவில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். நான் ஹாம், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிற ஆள். பெட்டி கட்டும்போதே ரேடியோவும் போக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. எந்த உரிமத்தில் பேசுவது என்பதில்தான் யோசனை. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள பரஸ்பர ஒப்பந்தத்தின்படி நம் கால்சைனிலேயே (உரிமத்தோடு வரும் அழைப்புக் குறி, நமக்கு வி.யு. என்று தொடங்கும்) பேசலாம். அல்லது அங்கே உரிமம் தரும் அரசு ஆணையமான எஃப்.சி.சி.யின் உரிமத்துக்குப் பரீட்சை எழுதி அமெரிக்கக் கால்சைன் வாங்கலாம். நான் ஒப்பந்தத்தின் வழியில் போனேன். சில மாதத்துக்குப் போகிறவர்களுக்கு இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

செலவு, அலைச்சல் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஒப்பந்தத்தில் பேச விண்ணப்பமும் கிடையாது, கட்டணமும் கிடையாது. செல்லுபடியாகும் இந்திய உரிமமும் பாஸ்போர்ட்டும் கையில் இருந்தால் போதும். நம் கால்சைனுக்கு முன்னால் அந்தப் பகுதியின் எழுத்தையும் எண்ணையும் சேர்க்க வேண்டும்: கலிஃபோர்னியாவில் டபிள்யூ 6 ஸ்ட்ரோக் (சாய்கோடு) வி.யு.2 என்று தொடங்கி, நியூஜெர்சி போனால் டபிள்யூ 2 ஸ்ட்ரோக் என்று மாற்றிக்கொள்வது. ஒவ்வொரு தொடர்பிலும் ஒரு தடவையாவது இருக்கும் ஊரையும் மாநிலத்தையும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். பரீட்சை என்றால் தேர்வுக் கட்டணம் போக எஃப்.சி.சி.க்கு 35 டாலர். உரிமம் 10 வருஷத்துக்கு. டெக்னீஷியன், ஜெனரல், எக்ஸ்ட்ரா என்று மேலே போகும் நிலைகளில் முதலாவதான டெக்னீஷியனுக்கு 35 கேள்வியில் 26 சரியாக இருந்தால் போதும். கேள்வித் தொகுப்பு முழுதும் வெளியிலேயே கிடைக்கிறது, மோர்ஸ் தந்திக்குறித் தேர்வும் 2007-லிருந்து இல்லை. நம் ஊரில் மோர்ஸ் தட்டி, இந்திய உரிமத்தின் மேல் நிலையான ஜெனரல் கிரேடு வாங்கியவருக்கு இது பெரிய மலை இல்லை.

எந்த அலைவரிசையில் பி.டி.டி.யை (பேசுவதற்கு அழுத்தும் பொத்தானை) அழுத்தலாம் என்பதுதான் என் முடிவைத் தீர்மானித்தது. இதைச் சரியாகப் பார்க்காமல் போனால் ரொம்ப ஏமாற்றமாகிவிடும்.

ஒப்பந்தத்தில் பேசும்போது இரண்டு நாட்டு விதியும் சேர்ந்தே நம்மைக் கட்டும். நம் உரிமம் தராததை அங்கே போய்ச் செய்ய முடியாது. அங்கே அனுமதி இல்லாததை நம் உரிமத்தைக் காட்டியும் செய்ய முடியாது. மேல் வரம்பு மட்டும் அமெரிக்காவின் உச்ச நிலையான எக்ஸ்ட்ரா. 20 மீட்டர் அலைவரிசையில் இது நமக்குப் பெரிய வரம். போனுக்கு, அதாவது குரலில் பேசுவதற்கு, 14.150 முதல் 14.350 மெகாஹெர்ட்ஸ் வரை முழுவதும் திறந்திருக்கும். அதே இடத்தில் அமெரிக்காவின் ஜெனரல் உரிமக்காரர் 14.225-க்கு மேல்தான் பேசலாம். தொலைதூர நாடுகளைத் தேடிப் பேசும் டி.எக்ஸ். கூட்டம் மொய்க்கும் 14.195-ஐ அவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். பரீட்சையே எழுதாத நமக்கு அது கிடைக்கிறது. நான் பின்கட்டில் ஒரு கம்பி டைபோல் ஆன்டெனா கட்டி, நூறு வாட்டில் முக்கால்வாசி நேரம் அங்கேதான் இருந்தேன்.

40 மீட்டரில்தான் பழக்கம் காலை வாரும். நம் ஊர் நெட்டுகள் (நேரம் வைத்துக் கூடிப் பேசும் குழுக்கள்) 7.1-க்குக் கீழே ஓடும். அமெரிக்காவின் உள்நாட்டில் 7.125-க்குக் கீழே போன் கூடாது. நம் உரிமமோ 7.2-லேயே நின்றுவிடும். ஆக மிஞ்சுவது 75 கிலோஹெர்ட்ஸ்தான்.

அப்புறம் ஹேண்டி, அதாவது கையடக்க ரேடியோ. நான் தவறாகக் கணித்தது இங்கேதான். நம் 2 மீட்டர் 144 முதல் 146 வரை, அவர்களுடையது 148 வரை. அவர்களுடைய ரிப்பீட்டர்களில் (உயரத்தில் நின்று சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையங்களில்) பெரும்பகுதி 146-க்கு மேலேதான் உட்கார்ந்திருக்கிறது. 70 சென்டிமீட்டரிலும் அப்படியே: நமக்கு 434 முதல் 438, அவர்கள் ரிப்பீட்டர்கள் 440-க்கு மேல். பக்கத்துக் குன்றிலிருந்து ஒரு ரிப்பீட்டர் கண்ணாடி போலத் தெளிவாக வரும். காலையில் நடக்கும்போது அங்கே நாலு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் கேட்டுக்கொண்டே நடப்பேன், பதில் சொல்ல முடியாது. பேச்சுத் துணைக்காக ரேடியோ எடுத்துப் போகிறவர்களுக்கு இது சின்னக் குறை அல்ல.

சரி, அதற்காக டெக்னீஷியன் மட்டும் எழுதிவிடலாமே என்று பலர் சொல்கிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். எஃப்.சி.சி. உரிமம் கைக்கு வந்த அன்றே ஒப்பந்த உரிமை போய்விடுகிறது, இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள விதி இடம் தரவில்லை. டெக்னீஷியனுக்கு ஹெச்.எஃப். (தூர நாடு வரை போகும் சிற்றலை) போன் என்பது 10 மீட்டரில் 28.300 முதல் 28.500 வரை மட்டும்தான். ரிப்பீட்டர் கிடைக்கும், 20 மீட்டர் முழுக்கப் போகும். வி.யு.2 ஜெனரல் கிரேடுகாரர் ஒருவர் பரீட்சையில் பாஸ் செய்து கீழே இறங்குகிற கணக்கு இது. எழுதினால் ஜெனரலாவது எழுத வேண்டும். முடிந்தால் 50 கேள்வியில் 37 எடுத்து எக்ஸ்ட்ரா வரை போய்விடுவது நல்லது.

வேலைக்கோ படிப்புக்கோ போய் வருஷக்கணக்கில் தங்குகிறவர்களுக்குப் பரீட்சைதான் சரி என்று நினைக்கிறேன். ஆனால் என் அனுபவம் ஒரே ஊரில் மூன்று மாதம்தான். அவர்கள் அங்கே இருக்கும் நண்பர்களையும் கேட்டுக்கொள்வது நல்லது. இந்திய உரிமத்தின் கீழ் நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடு வைத்திருப்பவர்களுக்கும் மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்கள் உரிமம் எவ்வளவு தருகிறதோ அவ்வளவுதான் அங்கேயும்.

எக்ஸ்ட்ரா வாங்கினால் ஐரோப்பாவிலும் செப்ட் (ஐரோப்பிய நாடுகளின் தொலைத்தொடர்புக் கூட்டமைப்பு) ஏற்பாட்டில் பேசலாம் என்று ஒரு ஆசை சுற்றிக்கொண்டிருக்கிறது. எஃப்.சி.சி. உரிமத்தோடு செப்ட் நாடுகளில் பேச அமெரிக்கக் குடியுரிமை வேண்டும் என்று எஃப்.சி.சி.யின் அறிவிப்பே சொல்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு அந்தக் கணக்கில் பணம் போட வேண்டாம். எதிர்ப்பக்கமும் உண்டு: அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர் பழைய வி.யு. உரிமத்தைக் காட்டி அமெரிக்காவில் ஒப்பந்தத்தில் பேச முடியாது. கிரீன் கார்டு மட்டும் என்றால் இந்தத் தடை இல்லை.

அடுத்த பயணத்துக்கும் நான் வி.யு. கால்சைனோடுதான் போகிறேன். ஹேண்டியை இந்தத் தடவை வீட்டிலேயே வைத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னும் இருபது மீட்டர் கம்பி எடுத்துக்கொள்கிறேன்.