சிஎல்30-க்கும் சிஎல்36-க்கும் இடையே எவ்வளவு தூரம்?

ஏஎம்டியின் ரைசன் பிராசசர்கள் பொருந்தும் ஏஎம்5 மதர்போர்டுக்கு 32 ஜிபி டிடிஆர்5 ரேம் தேடுகிறவர் கடைசியில் மூன்று வகைகளுக்கு நடுவே வந்து நிற்பார். ஒன்று, வெப்பத்தகடு கூட இல்லாத சாதாரண 5600 சிஎல்46 (5600 என்பது வேகம், சிஎல் தாமதத்தைக் காட்டும் எண்). அடுத்தது 6000 சிஎல்36. மூன்றாவது, அதே 6000, ஆனால் சிஎல்30, விலையும் அதற்கேற்ப. மூன்றாவதுதான் வேகமானது என்பதில் தகராறு இல்லை. எவ்வளவு வேகம், யாருக்கு என்பதில்தான் தகராறு. 2025 இறுதியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியபிறகு அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

சிஎல் என்பது நேரம் அல்ல, கேட்ட தரவு வரத் தொடங்கும்வரை ரேம் எடுத்துக்கொள்ளும் கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கை. 6000 என்று அச்சிட்ட ரேமின் கடிகாரம் உண்மையில் 3000 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போவதால் 6000 ஆகிறது. எனவே சிஎல்லை 2000-ஆல் பெருக்கி, ரேமின் வேகத்தால் வகுத்தால் நானோ விநாடி கிடைத்துவிடும். 6000 சிஎல்30-க்கு 10. சிஎல்36-க்கு 12. 5600 சிஎல்46-க்கு 16.4. பழைய டிடிஆர்4 3200 சிஎல்16-க்கும் இதே 10தான். "16 எங்கே, 30 எங்கே" என்று டிடிஆர்5-ஐப் பழிப்பவர்கள் இந்த வகுத்தலைச் செய்து பார்க்காதவர்கள்.

ஆனால் 10, 12 என்ற இந்தக் கணக்கும் பாதி உண்மைதான். பெட்டியில் பெரிதாக இருப்பது முதல் எண். அதன் பின்னால் பொடி எழுத்தில் இன்னும் மூன்று எண்கள் வரும். ரேம் சிப்புக்குள் தரவு வரிசை வரிசையாக இருக்கிறது. வேண்டிய வரிசை ஏற்கெனவே திறந்திருந்தால் சிஎல் அளவு காத்திருந்தால் போதும். எந்த வரிசையும் திறந்திராவிட்டால், வேண்டியதைத் திறக்க டிஆர்சிடி என்னும் இரண்டாம் எண்ணும் சேரும். வேறொரு வரிசை திறந்து கிடந்தால் முதலில் அதை மூட வேண்டும். அதற்கு டிஆர்பி, மூன்றாம் எண். இந்த மோசமான நிலையில் மூன்றையும் கூட்டித்தான் காத்திருப்பு.

இப்போது கூட்டிப் பார்ப்போம். கடைகளில் அதிகம் கிடைக்கும் 6000 சிஎல்30 வகை ஒன்றின் எண்கள் 30-38-38. மொத்தம் 106 துடிப்பு, 35.3 நானோ விநாடி. சிஎல்36 வகையில் 36-36-36 என்று வருவது உண்டு: 108 துடிப்பு, 36 நானோ விநாடி. வித்தியாசம் ஒரு நானோ விநாடி கூட இல்லை! 30-36-36 என்றால் 34-க்கு இறங்குகிறது. காசு கூடக் கொடுப்பதானால் அதற்குக் கொடுக்கலாம். சாதாரண 5600-இன் 46-45-45 மட்டும் 48.6 என்று வெகுதூரம் பின்தங்குகிறது. ஆக, பள்ளம் இருப்பது முதல் வகைக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவில். 30-க்கும் 36-க்கும் நடுவில் இருப்பது ஒரு மேடு, அவ்வளவுதான். நான்காம் எண்ணான டிஆர்ஏஎஸ் 76-ஆ 96-ஆ என்று கவலைப்படுவது வீண்.

இதற்கு மேல் பிராசசரின் பங்கு இருக்கிறது. ரைசன் 7000 வரிசையில் ரேமோடு பேசும் மெமரி கன்ட்ரோலர் தனிச் சில்லில் இருப்பதால், ரேமுக்குப் போய்த் திரும்பும் மொத்தப் பயணம் சுமார் 70 முதல் 80 நானோ விநாடி. அதில் 2 குறைந்தால் மூன்று சதவீதம். அதுவும் பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகமான கேஷில் தரவு இல்லாதபோது மட்டும். 32 எம்பி எல்3 கேஷ் கொண்ட ரைசன் 5 7600-இல், வலுவான கிராபிக்ஸ் கார்டோடு 1080பி விளையாட்டு ஆடுகிறவருக்கு வித்தியாசம் ஓரளவு தெரியும். 96 எம்பி கேஷ் உள்ள 7800எக்ஸ்3டி-யில் இன்னும் மங்கிவிடும். 4கே-யில் ஆடுகிறவர் கிராபிக்ஸ் கார்டைத்தான் பார்க்க வேண்டும். தனிக் கார்டு இல்லாமல் 8600ஜி போன்ற சிப்பை நம்பி இருப்பவருக்கோ தாமதத்தைவிடத் தரவுப் பாய்வே பெரிது: இரட்டைச் சேனலில் 5600 தருவது நொடிக்கு 89.6 ஜிபி, 6000 தருவது 96 ஜிபி.

அப்படியானால் 6400, 8000 என்று மேலே போகலாமே? 8000 சிஎல்38-க்குக் காகிதத்தில் 9.5 நானோ விநாடி வருகிறது. ஆனால் அந்த வேகத்தில் ஏஎம்5-இன் மெமரி கன்ட்ரோலர் ரேமின் பாதி வேகத்தில் ஓட வேண்டியிருக்கிறது. சேமித்த நேரம் அங்கே கரைந்துவிடுகிறது. 2022-இல் ரைசன் 7000 வந்தபோது ஏஎம்டியே 6000-ஐத்தான் பரிந்துரைத்தது.

சிஎல்30-க்கு ஆதரவாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. அதில் பெரும்பாலும் எஸ்கே ஹைனிக்ஸ் சிப்புகளே வருகின்றன. கையால் எண்களை இறுக்கிப் பார்ப்பவர்களுக்கு அவை நன்றாக வளைந்து கொடுக்கும். அவர்களுக்கு ரிஃப்ரெஷ் இடைவெளியில் லாபம் கிடைக்கிறது: தர அமைப்பின்படி 16 ஜிகாபிட் டிடிஆர்5 சிப் 3.9 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை, 295 நானோ விநாடி வரை தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஒதுங்கிவிடும். அந்த இடைவெளியை நீட்டினால் ஒதுங்கும் தடவைகள் குறையும். இதையெல்லாம் மாற்றும் மதர்போர்டு அமைப்புத் திரையான பயாஸைத் திறக்கவே விரும்பாதவருக்கு இந்த வாதம் பொருந்தாது.

அப்படிப்பட்டவரும் ஒருமுறை திறந்தே ஆக வேண்டும். ரேமை அதன் அச்சிட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போ என்ற அமைப்பை அங்கே இயக்காவிட்டால் 6000 ரேம் பெரும்பாலும் 4800 சிஎல்40-இல், அதாவது 16.7 நானோ விநாடியில் கிடக்கும். விலை குறைந்த 5600-ஐவிட மந்தம். இயக்கியபின் முதல் தடவை திரை சில நிமிடங்கள் இருண்டே இருக்கலாம். அது பழுதல்ல, ரேமைப் பழக்கும் நேரம். பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள்.

என் தேர்வு 6000-இல் 36-36-36. விலை நெருங்கி வந்தால் 30-36-36. எதுவானாலும் இரண்டு குச்சிகளாக வாங்குங்கள். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் ரைசன் 7000-க்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் 3600 மட்டுமே.