தங்கம்: பாறையிலா, மணலிலா?

நீலகிரியின் தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கம் வெண்கற்பாறைக்குள் (குவார்ட்ஸ்) இருக்கிறது. அதே மலைகளின் நீர் இறங்கும் சாலியாற்றில், கேரளத்தின் நிலம்பூர் பக்கம், அது மணலோடு கிடக்கிறது. ஒரே பொன், இரண்டு வேலை.

பாறை என்றால் சுரங்கம், வெடி, அரவை ஆலை, அரைத்த தூளில் பொன்னைப் பிடிக்கப் பாதரசம்: எல்லாமே முதலில் காசு கேட்கும். 1879-இல் இங்கே வந்த சுரங்க நிபுணர் பிரௌ ஸ்மித்தின் நம்பிக்கையான அறிக்கைக்குப் பின் லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. பாறையை அரைத்துப் பார்த்தால் எதிர்பார்த்த பொன் இல்லை. சில ஆண்டுகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன.

மணலில் அந்த அரவை வேலையை ஆறே செய்து முடித்துவிட்டது. தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு கனம், சாதாரண மணல் இரண்டரை மடங்குதான். அதனால் மரத்தட்டில் அலசினால் சாதாரண மணல் போய், கனமான கறுப்பு மணலோடு பொன்துகள் அடியில் தங்கும். ஆற்று வளைவின் உட்புறம், பாறை இடுக்கு, அங்கேதான் முதலில் தேட வேண்டும். மழைக்காலத்தில் வேலை நின்றுவிடும், அது வேறு கதை.

சிறிய இடம், கையில் காசு குறைவு என்றால் நான் மணல் பக்கம்தான். என்ன, இதில் கிடைப்பது கூலிதான், புதையல் இல்லை. சரி, அதற்கும் அரசு அனுமதி வேண்டும்.