குமுளியில் மழைக்கால ஸ்டோரேஜுக்கு வண்டி விடுகிறவர்கள் கவனத்துக்கு

கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் ஆட்கள் கட்டாயம் படிங்க. குமுளியில் 'மான்சூன் ஸ்டோரேஜ்' என்று போர்டு மாட்டியிருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் கார்புரேட்டர் புல்லட்டை ஜூனில் விட்டுவிட்டு மஸ்கட் போனேன். அக்டோபரில் வந்து எடுத்தேன். வாங்கிய பணம் 4,500. ஆயில் மாற்றம், டேங்க் ஃபுல், கார்புரேட்டரில் பெட்ரோல் வடிப்பு, பேட்டரியைக் கழற்றி மாதாமாதம் சார்ஜ், எல்லாம் பில்லிலேயே இருக்கிறது.

எதுவும் செய்யவில்லை. ஆயில் தார் மாதிரி கறுப்பு. ஓடித் தீர்ந்த ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும், அதோடு மாசக்கணக்கில் நிறுத்தினால் பேரிங்கை அரிக்கும். அதற்காகத்தான் நிறுத்தும் முன்பே மாற்றச் சொல்வது. பேட்டரி வண்டியிலேயே கிடந்தது. 12.6 வோல்ட் காட்ட வேண்டியது, மீட்டர் வைத்தால் 9-ஐத் தாண்டவில்லை.

டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். பாதிக்கும் கீழே பெட்ரோல், மேலே சுவரெல்லாம் காவி நிறத்தில் துரு. இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்கை நிரப்பி வைத்தால் ஈரக்காற்றுக்கு உள்ளே இடம் இருக்காது. அந்த மலை மழையில் அரைடேங்கோடு, அதுவும் காற்றுப் போகாத தார்ப்பாயில் சுற்றி வைத்தால் வேறென்ன ஆகும்? கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் பிசின், எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் ஜெட் துவாரமே தெரியவில்லை.

இதையெல்லாம் சோம்பேறித்தனம் என்று விட்டிருப்பேன். ஆனால் அரசின் வாகனத் தளமான பரிவாஹனில் என் வண்டி மேல் ஒரு சலான் கிடக்கிறது: ஹெல்மெட் இல்லை, 500 ரூபாய், தொடுபுழா பக்கம் ஏஐ கேமரா எடுத்தது. படத்தில் என் வண்டி, மேலே இரண்டு பையன்கள். தேதி, நான் மஸ்கட்டில் இருந்த ஆகஸ்ட். கேட்டதற்கு முதலாளி அலட்டிக்கவே இல்லை: "சேட்டா, ஓடாம கெடந்தா வண்டி கெட்டுப்போகுமில்ல, பசங்க ஒரு ரவுண்டு எடுத்திருப்பாங்க." குமுளியிலிருந்து தொடுபுழா ஒரு ரவுண்டாம்!

யாரிடமாவது விட்டே ஆகணும் என்றால் ஓடோமீட்டரை அவர் முன்னாலேயே போட்டோ எடுத்து, கிலோமீட்டரை பில்லில் எழுத வையுங்கள். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கே கொண்டு வந்துவிடலாம். எலித்தொல்லை உள்ள ஷெட் என்றால் சைலன்சர் வாயைத் துணி வைத்து அடைக்கச் சொல்லுங்கள். என் சீட்டுக்கு அடியில் ஒயரைக் கடித்து வைத்திருக்கிறது.

கடை கேரளாவில் இருக்கிறது, நாம் எங்கே போய் அலைவது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போட்டுப் புகாரைப் பதிந்தாயிற்று. டேங்கைக் கழுவி உள்பூச்சு அடிக்கக் கம்பத்தில் 2,800 கேட்கிறார்கள், பேட்டரி புதுசு தனி. அந்த பில்கள், சலான் படம், பாஸ்போர்ட் முத்திரைப் பக்கம் எல்லாம் சேர்த்து தேனி ஆணையத்தில் போடப் போகிறேன்.