மின்விசிறிக்கு ஒரு மைக், பித்தளைக் குடத்துக்கு இன்னொன்று

தூங்கும்போது கேட்கவோ, வேலைக்கு நடுவே மெல்ல ஓடவிடவோ வீட்டுச் சாமான்களின் ஒலியைப் பதிவு செய்ய மூன்று வழிகள் இருக்கின்றன: கையில் இருக்கும் செல்போன், கையடக்க ரெக்கார்டர், பொருளின் மேலேயே ஒட்டி அதன் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பியசோ தகடு. எது உசத்தி என்பதைப் பதிவாகும் பொருள்தான் முடிவு செய்யும்.

போன் தோற்பது பெரும்பாலும் மைக்கால் அல்ல, மென்பொருளால். பேச்சைப் பிடிக்கச் செய்த கருவி அது. ஒரே சீராக வரும் எதையும் இரைச்சல் என்று எண்ணி அமுக்கப் பார்க்கும். நமக்கு வேண்டியதே அந்த இரைச்சல்தான்! ஃபேன் ஒலியை ஒரு நிமிடம் பதிந்து அலைவடிவத்தைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நொடி தடிமனாகவும் பிறகு மெலிந்தும் இருந்தால் இரைச்சல் நீக்கம் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆண்ட்ராய்டு 7 முதல் பதப்படுத்தாத ஒலியை எடுக்கும் வழி உண்டு, எல்லாப் போன்களிலும் இல்லை. அந்தத் தேர்வைத் தரும் ரெக்கார்டர் செயலியைப் போட்டு, சுருக்காத வேவ் (WAV) வடிவத்தில் பதிய வேண்டும். ஐபோனில் வாய்ஸ் மெமோஸ் தரத்தை லாஸ்லெஸ் (தரம் இழக்காத வகை) ஆக்கலாம்.

காற்றில் பரவும் ஒலிக்கு ரெக்கார்டர்தான் சரி. ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ லெவலை அணைத்துவிட்டு, உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை (பதிவின் ஒலிப்பெருக்க அளவை) கையால் வையுங்கள். டேபிள் ஃபேன் என்றால் காற்று வரும் பக்கம் மைக்கை வைக்கவே கூடாது. பின்புறம், சற்றுச் சாய்வாக, ஒரு முழத் தூரம் போதும். காற்று மோதும் சத்தத்தைக் குறைக்க, அடிமட்ட ஒலிகளை வெட்டும் லோ கட் போட்டால் மோட்டாரின் 100 ஹெர்ட்ஸ் முனகலும் குறையக்கூடும், ஆகவே காற்று மோதாத இடம் பார்த்து வைத்துவிட்டு லோ கட்டை அணைப்பதே மேல். சீலிங் ஃபேனில் கிர்ரென்று ஒரு உறுமல் கேட்டால் ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள். திருகும் டிம்மர் வகை மின்னலையை வெட்டித் தருவதால் சுருள் உறுமும். முழு வேகத்தில் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். கெப்பாசிட்டர் வகையில் இந்தத் தொல்லை குறைவு.

மெல்லிய ஒலிகளில் சின்ன ரெக்கார்டரின் சொந்த 'ஸ்ஸ்' சத்தம் மேலே வந்துவிடும். கெயினைக் கூட்டினால் அதுவும் கூடும். அருகே போவதுதான் மருந்து: தூரம் பாதியானால் சுமார் 6 டெசிபல் லாபம், 20 செ.மீ.யிலிருந்து 5 செ.மீ.க்கு வந்தால் 12.

பித்தளைக் குடம், எவர்சில்வர் அண்டா, வெண்கல உருளி இவற்றுக்கு பியசோவை அடித்துக்கொள்ள ஆளில்லை. சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் 27 மி.மீ. தகடு, தெருவில் போகும் ஆட்டோ ஹாரனைக் கிட்டத்தட்ட காதில் வாங்காது. உலோகத்தின் அதிர்வை மட்டும் எடுக்கும். இதை வாங்கியவர்கள் "பேஸே இல்லை, தகரம் மாதிரி இருக்கிறது" என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். குறை தகட்டில் இல்லை, செருகும் இடத்தில். தகட்டின் மின்தேக்கம் சுமார் 20 நானோ ஃபாரட். 10 கிலோ ஓம் மின்தடை உள்ள உள்ளீட்டில் செருகினால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரியத் தொடங்கும்; 1 மெகா ஓம் உள்ளீட்டில் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கணினியோடு மைக்கை இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் கிடார் செருகும் துளை பெரும்பாலும் இந்த வகை. வயர் ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும், இல்லையேல் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் (ஹம்) ஏறும். சால்டர் வைக்கும்போது நடு வெள்ளிப் பூச்சில் ஓரிரு நொடிக்கு மேல் சூடு காட்டினால் பூச்சு உரிந்து வந்துவிடும்.

குடத்தைப் பிரிமணையில் உட்கார வையுங்கள். தரையில் வைத்தால் ஒலி செத்துவிடும். தகட்டை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, வயரை மேஜையோடு ஒரு துண்டு டேப்பால் பிடித்துவிடுங்கள், அது உரசினாலும் பதிவாகும். மரக் கரண்டியில் துணி சுற்றித் தட்டுங்கள். தட்டிய அடியின் முதல் 100 மில்லி நொடியை ஃபேட் இன் செய்து (மெல்ல மெல்ல ஒலி ஏறும்படி ஆக்கி), வேகத்தைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி இறங்கி, ஆர்கன் போல நீண்ட கார்வை கிடைக்கும். சின்ன டம்ளருக்கு 27 மி.மீ. தகடு கனம்; நாதம் மங்கும்.

ஃபில்டரில் டிகாஷன் சொட்டும் ஒலிக்கும் பியசோதான், கீழ்ப்பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில். சூட்டில் டேப் நழுவும், ரப்பர் பேண்டு போடுங்கள்.

எதில் பதிந்தாலும் லூப் செய்யும் (முடிவைத் தொடக்கத்தோடு இணைத்துத் திரும்பத் திரும்ப ஓடவிடும்) இடத்தில் கோட்டை விடலாம். ஃபேன் போன்ற இரைச்சலில் சாதாரண நேர்கோட்டு கிராஸ்ஃபேட் (ஒரு ஒலி இறங்க இன்னொன்று ஏறும் இணைப்பு) நடுவில் 3 டெசிபல் பள்ளம் போடும். ஒலி திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டியில் 'கான்ஸ்டன்ட் பவர்' வகையைத் தேர்ந்து 5 நொடி கொடுங்கள். இடையில் ஒரு 'டிக்' இருந்தால் காது அதையே எண்ணிக்கொண்டிருக்கும், தூக்கம் எங்கே வரும்? வெட்டி எறியுங்கள். கடைசியாக எம்பி3 ஆக்கினால் முன்னும் பின்னும் சிறு மௌனம் ஒட்டிக்கொண்டு லூப் விக்கும். ஃபிளாக் அல்லது வேவ் ஆகவே வைத்துக்கொள்ளுங்கள்.